மக்கு போன்

"இது போனா, செங்கல்லா?"

கண்ணாடி மேஜை அதிர்ந்தது. போனை அதன்மேல் அறைந்தவன் முதுகில் பெரிய டெலிவரி பை. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சந்தின் கடைசிக் கடைவரை கேட்கும்படி கத்தினான்.

எடிலாமர் நிமிர்ந்து பார்த்தாள். சாவோ பாலோவின் அந்த நெரிசலான போன் சந்தையில் தனியாளாகக் கடை நடத்துகிறவள். எல்லாக் கடையிலும் ஒரே சரக்குதான். இவளிடம் ஆள் வருவது இவள் பெயருக்காக. பெயர் கெட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. என்ன ஆச்சு?"

"மெதுவாவா? உன் போன் மாதிரியா? ஆர்டர் வருது, எடுத்துக்கறேன்னு அமுக்கறேன். வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு! அது நிக்கறதுக்குள்ள ஆர்டர் அடுத்தவனுக்குப் போயிடுது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் பூரா ஒண்ணுகூட எடுக்கலை. என் பொழப்பே போச்சு!"

மகளுக்குப் போன் வாங்க வந்திருந்த தோனா சொராய்தி, கையிலிருந்த புதுப் போனை மெல்ல மேஜைமேல் திருப்பி வைத்தாள். எடிலாமர் அவன் அறைந்த போனை ஒரு பார்வை பார்த்தாள்.

"இதை நான் விக்கவே இல்லை. இந்த மாடலோட புராசஸர் சுத்த மக்கு. வெளியில பளபளப்பு, உள்ள மூளை கிடையாது. ஓசியில குடுத்தாலும் என் கடைக்கு வேணாம்."

"பில் வேணுமா? இதோ பாரு பில்லு!" அவன் போனைத் திருப்பினான். முதுகில் மஞ்சள் ஸ்டிக்கர். எடிலாமரின் பெயர், கடை எண், எல்லாம் பளிச்சென்று இருந்தன. "இது யார் பேரு? என் பேரா?"

அவள் கை பட்ட எல்லாப் போனிலும் ஒட்டுகிற ஸ்டிக்கர்தான். எடிலாமர் ஸ்டிக்கரையே வெறித்துப் பார்த்தாள்.

"அக்கா ஹேங் ஆயிட்டாங்கப்பா!" என்றான் எண்ணெயில் பொரித்த பாஸ்தெல் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்த ஒருவன். கூட்டம் சிரித்தது. குறுகலான சந்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் அடைத்து நின்றார்கள்.

முகம் கொதிக்க, எடிலாமர் போனைப் பிடுங்கினாள். ஓரத்தில் இருந்த கீறலைக் கட்டைவிரலால் தடவினாள். திரும்பவும் தடவிப் பார்த்தாள்.

"கேமராவைத் திறந்தா, பஸ் போனதுக்கு அப்புறம்தான் படம் விழும். சரியா?"

"ஆமா!"

"மேப் போட்டா அடுப்பு மாதிரி காயும். டைப் பண்ணினா ஒரு எழுத்தும் வராது. நீங்க முடிச்சு மூச்சு விட்டதும் எல்லாம் மொத்தமா வந்து கொட்டும்."

"பாருங்க, பாருங்க!" அவன் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தான். "எல்லாம் தெரியுது! தெரிஞ்சே என் தலையில கட்டியிருக்கா!"

"வெக்கமா இல்லையா உனக்கு?" தோனா சொராய்தி பொங்கினாள். "வெயில்லயும் மழையிலயும் ஓடற பையன் வயித்துல அடிக்கறியே! நல்ல சிப்பு போட்டதா எடுத்துக் குடுடி!"

"மாத்திக் குடு! மாத்திக் குடு!" கூட்டம் கை தட்டியது.

எடிலாமர் போனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்தறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. வேற எவன்கிட்டயாவது வாங்கிட்டு வந்து என்கிட்ட தள்ளப் பாக்கறீங்களா? இந்தச் சந்துல அதுவும் நடக்குது."

"நானா?" அவன் நெஞ்சில் அடித்துக்கொண்டான். "எங்கம்மா சத்தியமா நேரா உன் கையிலேருந்துதான் என் கைக்கு வந்துச்சு. நடுவுல ஒரு ஈ, எறும்புகூடத் தொடலை!"

"எப்போ?"

"நேத்து சாயந்திரம், கடை மூடற நேரம்!"

"எல்லாரும் கேட்டீங்களா?"

"கேட்டோம், கேட்டோம்! இழுக்காம மாத்திக் குடு!"

எடிலாமர் மேஜை ஓரத்து மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தாள். அவன் முகத்துக்கு நேரே நின்றாள். அவள் குரல் தணிந்திருந்தது.

"நிஜந்தான். என் கையாலதான் குடுத்தேன்."

"ஒத்துக்கிட்டா பாரு!" என்று யாரோ விசிலடித்தார்கள்.

"ஆனா கடையில இல்லை. நேத்து சிக்னல்ல நின்ன என் காருக்குள்ள கையை விட்டியே, குடுத்தவ மூஞ்சியைப் பாத்தியா?"

விசில் நின்றது. அவன் ஓரடி பின்னால் வைத்தான். தோனா சொராய்தியின் தோள் இடித்தது. நகர வழியில்லை.

"திருடன் கேட்டா எடுத்து நீட்டறதுக்குன்னே நான் கைப்பையில வெச்சிருந்த போன்டா இது!"