கையுறைக் கடை ஜன்னலில் ஒரு வெள்ளை வட்டம்

1948, மே மாத வெயில். திஸா ஆற்றங்கரைக் கடைவீதியில், டெர்கா அக்காவின் கையுறைக் கடை ஜன்னலுக்குள், ஊர் வழக்கப்படி பாதிரிமார் பள்ளியில் படிப்பு முடிக்கும் பையன்களின் படங்கள் ஒரே அட்டையில் ஒட்டியிருக்கின்றன. இருநூறு வருஷப் பள்ளிக்கு இதுவே கடைசி அட்டை. அடுத்த மாதம் கம்யூனிஸ்ட் அரசாங்கம் பள்ளியை எடுத்துக்கொள்கிறது. அட்டை நடுவில் படமாயிருந்த லத்தீன் வாத்தியார் காஷ்பார் பாதரைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. அவர் படத்தையும் எடுக்காவிட்டால் கடைக்குப் பூட்டு என்று உத்தரவு. அக்கா உரித்துவிட்டாள். ஆனால் வெயிலில் பழுத்த அட்டையில் அவர் இருந்த வட்டம் மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அவர் தெருவில் வந்தபோது ஒதுங்கிப் போனவர்கள்கூட இப்போது ஜன்னல் முன்னால் தொப்பியைக் கழற்றுகிறார்கள். உத்தரவு போட்ட அதிகாரி பாலிண்ட் வருகிறான். அதே பள்ளியில் பாதரிடம் படித்து லத்தீனில் இரண்டு தடவை தோற்றவன், ஊருக்கே தெரியும். "எடுக்கச் சொன்னேனே அக்கா?" "எடுத்தாச்சே தம்பி. குனிஞ்சுதான் பாரேன், யாரு தெரியுறா?" குனிகிறான். ஜன்னல் கண்ணாடியில் அவன் முகமே அந்த வெள்ளை வட்டத்துக்குள் போய் உட்காருகிறது. கை தானாகத் தொப்பிக்கு ஏறுகிறது.