பக்கத்து வீட்டைப் பூட்ட வந்தவர்கள்

போலீஸ்காரர் அம்சவல்லிக்கு நாற்காலி எடுத்துப் போட்டதை மஞ்சுளா தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

வீடு போகிற நேரத்திலும் அவளுக்குத்தான் மரியாதை.

தெருவே அங்கே நின்றது. ஷிஃப்டுக்குப் போகிறவர்கள்கூடக் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். யாரோ மோர் கொண்டுவந்தார்கள்.

அம்சவல்லி, மஞ்சுளாவின் கணவனுடைய அண்ணன் மனைவி. அந்த அண்ணன் பத்திரத்தை பேங்கில் அடமானம் வைத்து மாடி கட்டினார். ஒரகடம் கம்பெனியில் அவர் வேலை பார்த்த உற்பத்தி லைனை மூடினார்கள். தவணை நின்றது. வீட்டைப் பூட்டச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டது. இன்று கோர்ட் நியமித்த கமிஷனர் பூட்டோடும் அரக்கோடும் வந்துவிட்டார்.

மாடி எழும்பிய நாளிலிருந்து மஞ்சுளா துணி காயப்போடத் தன் மொட்டைமாடிக்கு ஏறுவதில்லை. ஏறினால் அந்த பால்கனி கண்ணில் படும்.

இன்றைக்கு ஏறலாம் என்று தோன்றியது.

அப்போது ஸ்கூட்டரில் அம்சவல்லியின் வக்கீல் ஜாஸ்மின் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு தாளை நீட்டினாள். கமிஷனர் இரண்டு முறை படித்தார். பூட்டு வைத்திருந்தவனைக் கூப்பிட்டு வாசலிலிருந்து இறங்கச் சொன்னார்.

“தடை வாங்கிட்டாங்கடா! யக்கா, உன் வூட்டாண்ட இனிமே ஒருத்தன் வர முடியாது!” கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

தெரு கைதட்டியது.

மஞ்சுளாவுக்கு வயிறு எரிந்தது. கோர்ட்டுக்கும் அவளைத்தான் பிடிக்கிறது.

அம்சவல்லி மட்டும் சிரிக்கவில்லை.

கமிஷனர் அந்தத் தாளோடு நேராக வந்து மஞ்சுளாவின் கதவைத் தட்டினார். பின்னால் பூட்டுக்காரன்.

“அடமானத்துல இருக்கிற மனை இதுதாம்மா. சாமான் எடுத்துக்குங்க.”

கல்யாணமான புதிதில், ரோட்டோர மனைதான் வேண்டுமென்று சாப்பிடாமல் கிடந்தவள் மஞ்சுளா. கம்பெனிப் பையன்களுக்கு ரூம் கட்டி வாடகைக்கு விடலாம் என்று கணக்கு. பாகப்பிரிவினையில் அது அண்ணன் பெயருக்குப் போயிருந்தது. அவளுக்காக அண்ணனும் தம்பியும் மனைகளை மாற்றிக்கொண்டார்கள். சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார்கள். கூடப் பிறந்தவர்களுக்குள் ரிஜிஸ்டர் ஆபீஸ் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

அண்ணன் அடமானம் வைத்தது அவர் பெயரில் இருந்த பத்திரத்தை.

“அப்ப அந்த வூடு?” மஞ்சுளா பக்கத்து வீட்டைக் காட்டினாள்.

“அது இருக்கிற மனை உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு; சட்டப்படி வீடும் அவருதுதான். அதை உங்க மச்சாண்டாரே கோர்ட்ல ஒத்துக்கிட்டாரு. அதனாலதான் தடை.”

மஞ்சுளா திரும்பிப் பார்த்தாள். மாடி, பால்கனி, அதன் கீழே கேட்டைப் பிடித்தபடி அம்சவல்லி.

அம்சவல்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது என்ன பார்வை என்று மஞ்சுளாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை; இத்தனை நாள் அது அவளுடையதாக இருந்தது.