ஐந்தாவது கால்

"டார்லா, என்னது இது?"

லோர்னா பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டிருந்தாள். அந்தக் கையில் ஒரு மான் கால் தொங்கியது. முழங்காலுக்குக் கீழே, குளம்போடு.

வண்டியின் பின்கதவைச் சாத்தப்போன டார்லா திரும்பிப் பார்த்தாள்.

"சனிக்கிழமை காலையில மனுஷி இன்னும் ஒரு வாய் காபி குடிக்கல. எங்க நாய் இதைக் கவ்விட்டு வந்து வாசப்படியில போட்டுட்டு வாலை ஆட்டுது!"

நாய் அவள் பின்னால் நின்று இன்னமும் வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது. அதற்கும் பின்னால் லோர்னாவின் கணவன் ஆர்வின்.

ஊருக்குள் மான் பெருத்துப்போய், வில்லை மட்டும் வைத்து வேட்டையாடலாம் என்று நகரசபை சொன்னதிலிருந்து, நாலு வருடமாக டார்லாவுக்கு லோர்னா வீட்டுப் பின்காடுதான் கதி. வேறு யாரும் இடம் தரவில்லை. இங்கே விழும் இரண்டு மான்தான் பனி உருகும்வரை அவள் வீட்டு அடுப்புக்குக் கறி.

லோர்னாவின் நிபந்தனை வேடிக்கையானது. மான் அவளுடைய துலிப் செடிகளைத் தின்னக்கூடாது. அதே மான் செத்ததும் அவள் கண்ணில் படக்கூடாது. ஒரு துளி ரத்தம் பட்டாலும் அன்றோடு சரி.

டார்லா அதை விரதம் போலக் காத்தாள். குடலை மூடி போட்ட வாளியில் அள்ளுவாள். ரத்தம் சிந்திய பனியையும் மண்வெட்டியால் வழித்து அதே வாளியில் போடுவாள். மானைத் தார்ப்பாயில் சுற்றி, பிள்ளைகள் சறுக்கி விளையாடும் மேட்டுப் பக்கம் போகாமல், சுற்றுவழியில் மூச்சுவாங்க இழுத்து வருவாள். திங்கட்கிழமை அதே பிள்ளைகள் அவள் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் ஏறவேண்டும். அவர்களிடம் கெட்ட பெயர் வாங்க அவளுக்கு மனமில்லை.

இன்றைக்கும் அப்படித்தான் செய்திருந்தாள். பிறகு இது எப்படி?

காலை வாங்கிக்கொண்டு, மற்றக் கையால் வண்டியில் கிடந்த சாக்கைத் தடவினாள். முடிச்சு அவிழவில்லை. உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

அவள் எய்த மானின் கால் நான்கும் அங்கேயே இருந்தன.

கையிலிருந்த காலில் ஒட்டியிருந்த பனிக்கட்டியைக் கட்டைவிரலால் சுரண்டினாள். உள்ளே ஒரு சீட்டு கட்டியிருந்தது. மானை எய்தவர் தன் பெயரை எழுதி, விழுந்த இடத்திலேயே கட்டவேண்டிய உரிமச் சீட்டு.

ஆர்வின் ட்வெட். தேதி, நேற்று.

டார்லா நிமிர்ந்து பார்த்தாள். ஆர்வின் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் சீட்டோடு சேர்த்துக் காலை இறுகப் பிடித்து மறைத்துக்கொண்டாள்.

"என் தப்புதான், லோர்னா. சாக்கைச் சரியாக் கட்டல. மன்னிச்சிருங்க."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. நாலு வருடமாக அந்த வீட்டு வாசலில் எதுவும் சிந்தாமல் பார்த்துக்கொண்ட பழக்கமாக இருக்கலாம்.

"அப்பவே சொன்னேன்ல? மரத்துல கட்டின பரணைக் கழட்டிக்கிட்டுக் கிளம்பு. இனிமே இந்தப் பக்கம் வராதே."

இந்தக் குளிர்காலத்துக் கறி போயிற்று. தலையாட்டிவிட்டுக் கோடரியை எடுத்துக்கொண்டு பரண் பக்கம் திரும்பினாள்.

"லோர்னா," என்றான் ஆர்வின். "அந்தக் கால் என்னுது."

லோர்னா குனிந்து அவன் கால்களைப் பார்த்தாள். இரண்டும் பூட்ஸுக்குள் பத்திரமாக இருந்தன.

"மான் காலைச் சொல்றேன். நேத்து அண்ணன் வீட்டுக் கூரையைச் சரிபண்ணப் போனேன்ல, கூரைக்கு ஒண்ணும் ஆகல, மான் வேட்டைக்குத்தான் போனேன். வெட்டின மிச்சம் நம்ம வண்டியிலயே கிடந்துருக்கு. நாய் இழுத்துட்டு வந்துருச்சு."

டார்லா காலை நீட்டி, மறைத்திருந்த சீட்டைக் காட்டினாள். லோர்னா சீட்டை இரண்டு முறை படித்தாள்.

"எத்தனை வருஷமா?"

"நாப்பது வருஷமா. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே. நீதான் மான் கறின்னாலே கொமட்டுதுன்னியே."

லோர்னா எதையோ நினைத்துக்கொண்டாள். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"அப்போ கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் உங்கண்ணன் அனுப்புற மாட்டுக்கறி சாசேஜ்?"

ஆர்வின் நாயைப் பார்த்தான். நாய் டார்லாவைப் பார்த்தது.

"படுபாவி! இப்படியொரு மாட்டை என் ஜென்மத்துல சாப்பிட்டதில்லைன்னு உங்கண்ணிக்கு நான் லெட்டர் வேற எழுதினேனே!"

"நீ எழுதினதுல பொய் ஒண்ணும் இல்லையே," என்றான் ஆர்வின்.

டார்லா பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. லோர்னா அவளை முறைத்தாள்.

"சிரிக்காதே. பரண் அங்கயே இருக்கட்டும். நாளைக்கு வர்றப்ப இந்த ஆளையும் கூட்டிட்டுப் போ. வாளி, தார்ப்பாய், முடிச்சு, எல்லாத்தையும் கத்துக்குடு. நாப்பது வருஷமா மான் அடிக்கிறாராம், ஒரு காலை ஒழுங்கா மறைக்கத் தெரியல."

விறுவிறுவென்று படியேறினாள். கதவைத் திறந்தவள் திரும்பாமலேயே நின்றாள்.

"டார்லா, எனக்கும் ஒரு அஞ்சு பவுண்டு கறி எடுத்து வை."

"மானா, லோர்னா?"

"மாடு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.