நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

பதினான்கு வயதில் ஒரே மூச்சில் படித்து முடித்த அந்த மிருகக் கதையை, முப்பது வருடம் கழித்து அதே வாடகை நூலகத்தில் செண்பகவல்லி மறுபடியும் கையில் எடுத்தாள். பக்கவாட்டில் பார்த்தால் புத்தகத்தின் முன்பாதி பலர் கைபட்டு அழுக்கேறிக் கறுத்திருந்தது. பின்பாதி மட்டும் அச்சகத்திலிருந்து வந்த அன்றைக்கு இருந்ததைப் போல வெளுப்பாகவே இருந்தது. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். குளத்திலிருந்து எழுந்த மிருகம் ஒவ்வொரு வீடாகக் காலி செய்துகொண்டே வந்து, கடைசியில் கதாநாயகி பூரணியின் வாசலில் நின்று அவளுடைய அப்பாவின் குரலில் கூப்பிட்டது. பூரணி தாழ்ப்பாளில் கை வைத்தாள். நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம் அங்கே முடிந்தது. அதன் அடியில், மங்கிப்போன பென்சிலில், செண்பகவல்லியின் பள்ளிக்கூடக் கையெழுத்து: ‘இதற்கு மேல் தயவுசெய்து யாரும் படிக்க வேண்டாம். கதவைத் திறந்துவிடுவாள்.’

“அண்ணாச்சி, இதை நீங்க படிச்சிருக்கீங்களா?”

நூலகக்காரர் பழைய அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். “பாதிதாம்மா. அதுக்கு மேல வேண்டாம்னு எழுதியிருக்குல்லா. கொண்டுபோறவங்க எல்லாரும் அதோட திருப்பிக் கொடுத்திருவாங்க.”

அப்படியானால் முப்பது வருடமாகப் பூரணி தாழ்ப்பாளில் கை வைத்தபடியே நிற்கிறாள். அடுத்த பக்கத்தில் என்ன என்பது செண்பகவல்லிக்கு மறக்கவில்லை. பெருவிரல் தாளின் ஓரம் வரைக்கும் போய் நின்றது. பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பழைய எழுத்துகளின் மேலேயே ஒவ்வொன்றாக அழுத்தி எழுதினாள். மை காயும்வரை ஊதிவிட்டு, புத்தகத்தை எடுத்த இடத்திலேயே செருகினாள்.