மிக்ஸி ஓடும்போது கேட்ட துடிப்பு

காட்டில் மான்களுக்குக் கட்டிய, சிக்னல் அனுப்பும் ரேடியோ பட்டைகளைத் தேடுகிறவர்களுக்கு ரிசீவர் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. இரைச்சல் குறையக் குறைய, தூரத்துச் சிக்னலும் கேட்கும். பக்கத்தில் மிக்ஸி ஓடினால் தெருமுனைச் சிக்னல்கூடக் கேட்காது.

அண்ணனும் அப்படித் தேடப் போனவர்தான். பாதுகாப்புக்குத் தன் கையிலும் ஒரு பட்டை கட்டியிருந்தார். மலைச்சரிவில் விழுந்து செத்தார். அடக்கம் முடிந்ததும் அந்தப் பட்டையைப் பேட்டரி கழற்றி அண்ணி வீட்டு அலமாரியில் வைத்தோம்.

இன்று மத்தியானம் அண்ணி வீட்டில் ஒரு ரிசீவரைச் சோதித்தேன்.

"ஒரே இரைச்சல், அண்ணி."

ஃபிரிட்ஜையும் ஃபேனையும் நிறுத்தினார். மெலிதாக ஒரு துடிப்பு கேட்டது. அண்ணன் பட்டைக்கு மட்டுமே உள்ள அலைவரிசை. அலமாரியைத் திறந்தோம், பட்டை செத்துத்தான் கிடந்தது. ஆன்டெனாவைத் திருப்பினேன். துடிப்பு மலைப்பக்கமிருந்து வந்தது.

அசையாமல் கிடந்தால் பட்டை வேகமாகத் துடிக்கும். இது நிதானமாகத் துடித்தது.

"அப்ப நடக்கிறாரா?" என்றார் அண்ணி.

வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

"போதும்பா, எனக்குக் கேக்க வேணாம்" என்று அண்ணி எழுந்து ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் மறுபடி போட்டார். மிக்ஸியையும் வெறுமனே ஓடவிட்டார்.

துடிப்பு அப்போதும் கணீரென்று கேட்டது.

அண்ணி போய் வாசல் கதவைத் தாழிட்டார். பிறகு, என்ன நினைத்தாரோ, திறந்துவிட்டார்.