நூற்றுப் பதின்மூன்றாவது கார்

இந்தச் சனிக்கிழமையும் ஜெயராஜ் விலையைக் குறைத்துத்தான் சொன்னான்.

"எழுபதாயிரம் வெள்ளி, அங்கிள். அதுக்கு மேல ஒரு காசு முடியாது."

சக்கர நாற்காலியில் இருந்த கனகலிங்கத்துக்கு மூக்கு விடைத்தது. "போன கிழமை எண்பது எண்டாய். ஒரு கிழமையில பத்தாயிரம் எங்க போச்சுது? பாசாரில மீன் வாங்க வந்த ஆள் மாதிரிக் கதைக்கிறாய்!"

கணவரின் பின்னால், கையில் ஹார்லிக்ஸ் கோப்பையோடு மீனலோசனி நின்றாள். பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் போர்ட்டிகோ நிழலில் அந்தப் பச்சை ஸ்போர்ட்ஸ் கார் மினுங்கியது. இரண்டே இருக்கை. அறுபத்தொன்பதாம் ஆண்டில், ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடம் வாங்கியது. அன்றிலிருந்து அவளுக்கு அது சக்களத்தி. அவள் சேலைக்கு ஒரு நாளும் நிறம் சொல்லாதவர், அதன் பச்சைக்கு மட்டும் பத்துப் பெயர் சொல்வார்.

போன வருடம் பக்கவாதம் வந்ததோடு எல்லாம் மாறிப்போனது. வாரம் முழுதும் பின்னறைக் கட்டில்தான். சோறூட்ட வரும் மீனலோசனியையே பார்த்து, "நீங்கள் ஆர், பிள்ளை?" என்று கேட்பார்.

காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில் இராது. காரைப் பற்றிய எதுவும் மட்டும் மறக்காது. எந்தச் சனிக்கிழமை ஜெயராஜ் என்ன விலை சொன்னான் என்பது வரைக்கும் வரிசையாகச் சொல்வார்.

நாற்காலியைப் போர்ட்டிகோவுக்குத் தள்ளி வந்தால் போதும், அரைமணி நேரத்துக்கு அந்தப் பழைய அதிகாரக் குரல் திரும்பிவிடும். அது அவளோடு பேசுகிற குரல் இல்லைதான். ஆனாலும் அவளுக்கு அது வேண்டியிருந்தது. கார் கைமாறிப் போகிறது என்று அவர் ஒப்புக்கொள்கிற நாளில் அந்தக் குரலும் போய்விடும். கிள்ளானில் மூன்று லோரி வைத்து ஓட்டும் இந்த ஜெயராஜை வராதே என்று சொல்லவும் அவளுக்கு வாயில்லை.

"இருநூற்றைம்பதுதான் செய்தவங்கள்," என்றார் கனகலிங்கம். "இது நூற்றிப் பதின்மூண்டாவது. டேஷ்போர்டில தகடு இருக்கு, பார். எஞ்சின் நம்பர், சேஸி நம்பர் எல்லாம் கம்பெனி போட்டபடி. வெள்ளைக்காரனுக்குப் பிறகு என்ர கை மட்டும்தான்."

"டூ சீட்டர் இப்ப யாரு அங்கிள் வாங்குறா? ஒரு புரோட்டோன் கார் எடுத்தா குடும்பத்தோட பத்துமலைக்குப் போய்ட்டு வரலாம் லா."

"குடும்பத்தை ஏத்த பஸ் வாங்கு. இதை ஏன் வந்து வந்து தடவுறாய்?"

ஜெயராஜ் சிரித்துவிட்டான். கனகலிங்கமும் சிரித்தார். எட்டி பானட்டில் கை வைத்தவர், சட்டென்று இழுத்துக்கொண்டார். "சுடுது?"

"வெயில்," என்றாள் மீனலோசனி அவசரமாக.

அவர் திரும்பி அவள் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு ஜெயராஜைக் கிட்ட வரச் சொல்லி, குரலைத் தணித்தார்.

"எழுபது எண்டால்... முழுக்காசாத் தருவியோ?"

இத்தனை சனிக்கிழமைகளில் அவர் இப்படிக் கேட்டதேயில்லை. மீனலோசனி ஜெயராஜைக் கெஞ்சுவது போலப் பார்த்தாள். அவன் உடனே இன்னும் குறைத்தான்.

"சாரி அங்கிள், தெரியாம சொல்லிட்டேன். ஐம்பதுதான் முடியும். பெயிண்டே ஒரிஜினல் இல்ல போலிருக்கு."

பெயிண்டைக் குறை சொன்னால் வராத காலால் எழும்பப் பார்க்கிற மனிதர் அவர். இன்று அசையவில்லை.

"சரி. ஐம்பதுக்கே எடு."

ஜெயராஜ் தடுமாறினான். "அங்கிள், என்ன இது! வெளியில கேட்டா ஒரு லட்சத்துக்கு மேலயே குடுப்பாங்க. பழைய கார் சேத்து வைக்கிறவங்க சண்டை போட்டு வாங்குவாங்க!"

"தெரியும். ஆறுதலாப் பொறுத்திருந்து விக்க எனக்கு நேரமில்லை, தம்பி." அவளுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, கண்ணால் அவளைக் காட்டினார். "காசை இந்தப் பிள்ளையிட்ட குடு. எவ்வளவு நாளாப் பாக்கிறா. ஊட்டுறா, குளிப்பாட்டுறா. சம்பளம் எண்டு ஒரு சதம் கேக்கேல்ல. ஆர் பெத்த பிள்ளையோ."

மீனலோசனிக்கு அழக்கூட வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் அந்தக் காரைவிட அவளைப் பெரிதாக நினைத்திருக்கிறார், அவள் யாரென்று தெரியாமலே. நான்தான் மீனா என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தி என்ன, அதற்கும் "எந்த மீனா?" என்பார்.

கனகலிங்கம் கையை நீட்டி, ஜெயராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வியாபாரம் முடிந்துவிட்டது.

"கொண்டு போ. இனி இந்த ரோட்டாலகூட ஓட்டாதே. பாத்தால் மனம் தாங்காது."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மீனலோசனி நாற்காலியை உள்ளே தள்ளிப் போய், அவரைக் கட்டிலில் சாய்த்துப் போர்த்திவிட்டு வந்தாள். ஜெயராஜ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தான். கண் கலங்கியிருந்தது.

"ஆன்டி, போன வருஷமே நீங்க எனக்கு வித்துட்ட காரை, இனிமே எந்தச் சாக்குல இங்க கொண்டாருவேன்?"