வீடு வீடாகச் சோதனை

"வண்டி நம்ம பக்கம் திரும்பிடுச்சுங்க, சீக்கிரம்!" ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி லோரீன் குரல் கொடுத்தாள். ஆர்வில் அதைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு, உறைந்த தரையில் வழுக்கி வழுக்கிக் கொல்லைப்பக்கம் ஓடினார்.

எழுபத்திரண்டு வயதில் இப்படி அவசரமாக எதையும் ஒளித்துப் பழக்கமில்லாத மனிதர். விறகுக் கொட்டகையில்தான் முதலில் தேடுவார்கள் என்று தோன்றியது. கடைசியில் நாய்க்கூட்டுக்குள் தள்ளி, கிழிந்த கம்பளி ஒன்றை மேலே போர்த்திவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினார்.

கென்டக்கி மலைப்பக்கத்தில் ஒருவர் அவசரமாக எதையாவது ஒளிக்கிறார் என்றால் அது சாராயமாகத்தான் இருக்கும். ஆர்வில் ஒளித்தது ஒரு பழைய பெட்ரோல் கேன். வருவதும் போலீஸ் அல்ல, சொந்த மாப்பிள்ளை.

மாப்பிள்ளை டென்வில்தான் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குத் தலைவன். போன வசந்தத்தில் சர்ச் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, பழைய கேனைக் கொண்டுவந்தால் பாதுகாப்பான புதுக் கேன் இலவசம் என்று அறிவித்தான். வந்து சேர்ந்த அறுபத்து மூன்றையும் டிராக்டர் ஏற்றி நசுக்கினான். அதில் ஒன்று அவனைப் பெற்ற அப்பாவுடையது.

ஆர்வில் ஓர் ஓட்டைக் கேனைக் கொடுத்துப் புதுசை வாங்கிக்கொண்டார். நல்லதைப் பதுக்கிவிட்டார்.

புதுக் கேனையும் சும்மா சொல்லக் கூடாது. அதிலிருந்து பெட்ரோல் ஆவியாகாது, கசியாது, சிந்தாது, வெளியே வந்தால்தானே? மூக்கைத் திருகி, பொத்தானை அமுக்கி, அப்படியே கேனைத் தூக்கிக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். மனிதனுக்கு ஆண்டவன் இரண்டு கைதான் கொடுத்திருக்கிறான் என்று அதைச் செய்தவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பிடி கொஞ்சம் நழுவினால் மொத்தமும் காலில்தான்.

பனிமழையில் மின்கம்பிகள் அறுந்து இன்று நான்காவது நாள். லோரீனின் ஆக்சிஜன் மெஷின் ஜெனரேட்டரை நம்பித்தான் ஓடியது. முதல் நாள் ஆர்வில் புதுக் கேனோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் அவளுடைய மாற்றுச் சிலிண்டர் காலியாகி, உதடு நீலம் பாரித்துவிட்டது. அதைப் பார்த்த பயம் அவருக்கு இன்னும் தெளியவில்லை. அன்றே பழைய கேனை வெளியே எடுத்துவிட்டார்.

காலையில் பக்கத்துப் பண்ணை வெர்னன் போனில் எச்சரித்திருந்தார். "உன் மாப்ள வீடு வீடா ஏறி, பழைய கேன் யார்கிட்ட இருக்குன்னு விசாரிக்கிறாராம். பாத்துக்கப்பா."

"பெத்த அப்பனையே விடாதவரு, மாமனார விடுவாரா?" என்று முணுமுணுத்தபடி ஆர்வில் கோட்டைக் கழற்றினார்.

"மேட்டுல ஃபயர் ஸ்டேஷன் விளக்கு நேத்தெல்லாம் எரிஞ்சுது, இன்னிக்குக் காணோமே" என்றாள் லோரீன்.

"பகல்ல எதுக்கு வெளக்கு? மிச்சம் புடிக்கிறாராக்கும் உன் மாப்ள."

கதவு தட்டப்பட்டது. டென்வில் உள்ளே வராமல் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"வாங்க மாப்ள. பீன்ஸ் சூப் சூடா இருக்கு, குடிக்கிறீங்களா?"

"வேணாம் மாமா. உள்ள வர்ற கோலத்துல நான் இல்ல. அத்தைக்கு எப்படி இருக்கு?"

"மெஷின் ஓடுற வரைக்கும் நல்லாத்தான் இருக்கேன்!" என்று உள்ளிருந்தே லோரீன் பதில் சொன்னாள்.

குப்பென்று பெட்ரோல் வாடை அடித்தது. தன் கை வாடை காட்டிக்கொடுத்துவிடும் என்று ஆர்வில் இரண்டு கைகளையும் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"ஜெனரேட்டருக்கு எதுல ஊத்துறீங்க மாமா?"

"வேற எதுல? நீங்க குடுத்த கேன்லதான். தங்கமான கேன். பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கான்."

"ஒரு சொட்டுகூடச் சிந்தலியா?"

"சேச்சே!"

டென்வில் அவரையே உற்றுப் பார்த்தான். பிறகு வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் நடந்தான். ஆர்வில் செருப்போடு பின்னால் ஓடினார்.

விறகுக் கொட்டகையை எட்டிப் பார்த்தான். கோழிக்கூட்டைத் திறந்து மூடினான். ஆர்வில் மனதுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது சட்டென்று நின்றான்.

"மாமா, இந்தக் குளிர்ல நாய் ஏன் கூட்டுக்கு வெளிய உக்காந்திருக்கு?"

பிஸ்கட் என்ற அந்தக் கிழட்டு நாய் நடுங்கிக்கொண்டு பனிக்கட்டிமேல் உட்கார்ந்திருந்தது. கூட்டைப் பார்த்து ஒருமுறை தும்மியது.

"அதுக்கு... காத்து வேணுமாம்" என்றார் ஆர்வில்.

டென்வில் மண்டியிட்டுக் கம்பளியை விலக்கினான். பெயின்ட் உரிந்த சிவப்புக் கேனை வெளியே இழுத்து, குலுக்கிப் பார்த்து, கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

ஆர்வில் வழியை மறித்தார். "எவ்வளவு வேணா அபராதம் போடுங்க மாப்ள, கட்டுறேன். சர்ச்சுல எல்லார் முன்னாடியும் திட்டுங்க, கேட்டுக்குறேன். கேன மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்க. அவ மூச்சு அதுலதான் இருக்கு."

அந்தக் குளிரிலும் மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. அவன் தலையைக் குனிந்தான். அப்போதுதான் ஆர்வில் கவனித்தார். அவன் பேன்ட் முழங்காலிலிருந்து பூட்ஸ்வரை தொப்பலாக நனைந்திருந்தது, பெட்ரோல் வாடை அதிலிருந்துதான் வந்தது.

டென்வில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஸ்டேஷன் ஜெனரேட்டருக்கு ஊத்திட்டு ஒரு மணி நேரத்துல கொண்டாந்துடறேன் மாமா, வெளிய மட்டும் சொல்லிடாதீங்க!"